காலில் ரத்தம் உறைந்தவர்கள் எடைக் குறைப்பு அறுவை செய்துகொள்வது: கடையில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 2018-ல் கணுக்கால் முறிந்து மாவுக்கட்டோடு ஆறு வாரம் கிடந்தபோது இடது காலின் சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில்) ரத்தம் உறைந்தது. அதில் ஒரு துண்டு நுரையீரலுக்கும் போய்விட்டது. 2021-ல் மதுரையில் ஸ்லீவ் என்ற எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டேன். அன்றைக்கு என் எடை 112 கிலோ, உயரம் 158 செ.மீ. இந்த இரண்டு கதையும் ஊருக்குத் தெரியும் என்பதால், மருந்து வாங்க வருகிறவர்கள் சீட்டை நீட்டிவிட்டு மெதுவாக, "ஆச்சி, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். அப்படிக் கேட்டவைதான் இவை. நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. உங்கள் உடம்புக்கு உங்கள் அறுவை மருத்துவர் சொல்வதுதான் கடைசிச் சொல்.

ஒரு தடவை ரத்தம் உறைந்தவருக்கு இந்த அறுவையைச் செய்யவே மாட்டார்களாமே?

செய்வார்கள். எனக்குச் செய்தார்களே. ஆனால் மற்றவர்களுக்குச் செய்வது போலச் செய்ய மாட்டார்கள். எடைக் குறைப்பு அறுவை செய்துகொள்பவர்களை மொத்தமாகப் பார்த்தால், பிறகு ரத்தம் உறைந்து அவதிப்படுகிறவர்கள் நூறில் ஒருவருக்கும் குறைவுதான். ஏற்கெனவே ஒருமுறை உறைந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுகிறது. யாருக்கு உறையும் என்று முன்கூட்டிக் கணிக்க மருத்துவர்கள் பார்க்கும் காரணங்களில் பழைய உறைவுக்குத்தான் முதல் வரிசை. அறுவைக்குப் பிறகு நேரும் அபூர்வ மரணங்களிலும் நுரையீரலில் போய் அடைக்கும் உறைந்த ரத்தம் ஒரு முக்கியக் காரணம்.

மறுபக்கமும் உண்டு. அதிக எடையே ரத்தம் உறைவதற்கு ஒரு காரணம். எடை இறங்கினால் நாளடைவில் அந்த ஆபத்தும் இறங்கும். முதல் சில வாரங்களைத் தாண்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த வாரங்கள் ஆஸ்பத்திரியில் கழிவதில்லை, வீட்டில்தான் கழிகின்றன. அறுவைக்குப் பிந்தைய உறைவுகளில் பெரும்பாலானவை டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகே வருகின்றன. ஆகவே கீழே ஆஸ்பத்திரியைப் பற்றிக் கொஞ்சமாகவும் வீட்டைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

ரத்தக்கட்டு என்றால், அடிபட்டால் நீலமாகக் கட்டிக்கொள்ளுமே, அதுதானே?

இந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நம் பேச்சில் ரத்தக்கட்டு என்றால் தோலுக்குக் கீழே கன்றிப்போவது. அதற்கு ஒத்தடம் கொடுப்போம், எண்ணெய் தேய்த்து நீவுவோம். நான் சொல்வது வேறு. தொடையிலோ கெண்டைக்காலிலோ ஆழத்தில் ஓடும் சிரைக்குள்ளேயே ரத்தம் கட்டியாக உறைந்து நிற்பது. டி.வி.டி. (DVT) என்று சீட்டில் எழுதுவார்கள். டீப் வெயின் திராம்போசிஸ் என்பதன் சுருக்கம்.

2018-ல் என் கால் வீங்கியபோது ஒருவர் தசைப்பிடிப்பு என்று சொல்லி நீவிவிடச் சொன்னார். வீட்டில் அப்பத்தா வேப்பெண்ணெயைக் காய்ச்சிக் கையில் எடுத்துவிட்டார்கள். நானும் படித்தவள்தான், மருந்துக்கடைக்காரிதான், அன்றைக்குக் காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நீவினால் கட்டி பெயர்ந்து இதயம் வழியாக நுரையீரலுக்குப் போகலாம். எனக்குப் போன துண்டு நீவியதால் போனதா, தானாகவே போனதா, யாரால் சொல்ல முடியும்? ஒரு கால் மட்டும் வீங்கி, கனத்து, சூடாக இருந்தால் நீவ வேண்டாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்.

அறுவை செய்தால் ஏன் உறைகிறது?

ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதியவற்றிலிருந்து வந்த மூன்று காரணங்களைத்தான் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரத்தம் தேங்கி நிற்பது, ரத்தக்குழாயின் உட்சுவர் அடிபடுவது, ரத்தமே உறையும் பக்கம் சாய்ந்திருப்பது. சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்ப வைத்து, தலைப்பக்கம் மேலாகச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். வயிற்றுக்குள் அழுத்தம் ஏறியதும், காலிலிருந்து மேலே வர வேண்டிய ரத்தம் தயங்கி நிற்கிறது. அறுவை முடிந்ததும் உடம்பு காயத்தை ஆற்ற ரத்தத்தைச் சீக்கிரம் உறையச் செய்யப் பார்க்கும். அதற்கு மேல் தண்ணீர் குறைந்து, ஆளும் படுத்தே கிடந்தால் மூன்றும் சேர்ந்துவிடும்.

உறைவு வந்து எத்தனை நாள் கழித்து அறுவை செய்யலாம்?

குறைந்தது மூன்று மாதம். அவசரமில்லாத எந்த அறுவைக்கும் இதுதான் பொதுவான கணக்கு. எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது.

டாக்டரிடம் முதல் நாள் என்ன சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், காகிதத்தோடு சொல்ல வேண்டும். பழைய டாப்ளர் ரிப்போர்ட், சி.டி. எடுத்திருந்தால் அது, எந்த மாத்திரை, எத்தனை மாதம், எப்போது நிறுத்தினீர்கள் என்பது எல்லாம். "கால்ல ஏதோ அடைப்புன்னாங்க" என்று மட்டும் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? தமனியில் அடைப்பா சிரையில் அடைப்பா என்றுகூட அதில் தெரியாது.

ஒரு காரணத்தோடு வந்த உறைவா, சும்மா இருக்கும்போதே வந்ததா என்பதையும் கேட்பார்கள். எனக்கு மாவுக்கட்டு என்ற காரணம் இருந்தது. காரணமே இல்லாமல் வந்தவர்கள், இரண்டு முறை வந்தவர்கள், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கும் வந்திருப்பவர்கள் ரத்தநோய் மருத்துவர் ஒருவரைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் போன்றவற்றுக்குச் சோதனை எழுதுவார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளான (பிளட் தின்னர்) வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இந்த இரண்டையும் எடுத்தால் குறைவாகத்தான் காட்டும். பல ஆயிரம் செலவழித்துத் தப்பான விடையை வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

மயக்க மருந்து கொடுப்பவரிடமும் இதே கதையை முதலிலிருந்து சொல்லுங்கள். அவரிடம் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஸ்லீவா, பைபாஸா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்கிறேன். இந்த பைபாஸ் இதய பைபாஸ் இல்லை. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போல விடுவது. பைபாஸ் என்றால் மேலே ஒரு சின்னப் பை செய்து, சிறுகுடலைத் தூக்கி அதோடு இணைப்பது.

காலமெல்லாம் பிளட் தின்னர் சாப்பிட வேண்டியவர்களுக்கு இரண்டையும் எடைபோட்டுத்தான் முடிவெடுப்பார்கள். பைபாஸில் இணைத்த இடத்தில் புண் வரலாம். பிளட் தின்னரும் சேர்ந்தால் அது கசியும். ஒதுக்கிவைத்த பழைய இரைப்பைக்குள் எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்ப்பதும் சுலபமில்லை. மாத்திரை உறிஞ்சப்படுவதும் மாறும். அதனால் சிலர் ஸ்லீவ் பக்கம் சாய்கிறார்கள். ஆனால் ஸ்லீவுக்குப் பிறகு குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் சிரையில் உறைவதும் உண்டு (கீழே தனியாகச் சொல்கிறேன்), நெஞ்செரிச்சலும் கூடலாம். சர்க்கரை மிக அதிகமாக இருப்பவர்களுக்கு பைபாஸ் நல்ல பலன் தரும். நாலு பேரைக் கேட்டு முடிவு செய்யும் விஷயமில்லை இது.

நான் தினமும் பிளட் தின்னர் சாப்பிடுகிறேன். எப்போது நிறுத்த வேண்டும்?

தேதி போட்டு எழுதி வாங்குங்கள். வார்ஃபரின் என்றால் வழக்கமாக ஐந்து நாள் முன்னால் நிறுத்தி, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் காட்டும் அளவு) 1.5-க்குக் கீழே வந்ததா என்று பார்ப்பார்கள். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் வகைக்கு இரண்டு நாள் போதும் என்பார்கள், சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு இன்னும் முன்னால் நிறுத்த வேண்டியிருக்கும். சிலருக்கு இடைப்பட்ட நாட்களில் ஹெப்பாரின் வகை ஊசி உண்டு, சிலருக்குத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று நாள் என்பதற்காக நீங்களும் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

அறுவைக்கு இரண்டு வாரம் முன்னால் ஈரலைச் சுருக்க மிகக் குறைந்த உணவு கொடுப்பார்கள். வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்களுக்கு அந்த இரண்டு வாரத்திலேயே ஐ.என்.ஆர். ஆடும். நடுவில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வயிற்றுக்குள் வடிகட்டி வைத்துவிட்டால் பயமில்லையாமே?

ஐ.வி.சி. ஃபில்டர் என்று, அடிவயிற்றுப் பெரிய சிரையில் குடைக்கம்பி போன்ற ஒன்றை வைப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எடைக் குறைப்பு அறுவைக்காக இதை வழக்கமாக வைப்பதில்லை. வைத்ததை எடுக்காமல் விட்டால் அதுவே நகரும், உடையும், அதிலேயே ரத்தம் உறையும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. பிளட் தின்னரே கொடுக்க முடியாத நிலையில் இருக்கும் ஒரு சிலருக்கு மட்டும் யோசிப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

காலில் காற்று ஏறி இறங்கும் உறை மாட்டுவார்கள், கெண்டைக்காலை யாரோ மாற்றி மாற்றிப் பிடித்துவிடுவது போல இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போடுவார்கள். அன்று மாலையே எழுப்பி நடக்க வைப்பார்கள். எனக்கு நாலு மணிக்கு மயக்கம் தெளிந்தது, ஏழு மணிக்கு வராந்தாவில் இருந்தேன். கூட வந்த தங்கை, "அறுத்த உடம்பை இப்படியா நடத்துவாக" என்று நர்ஸோடு சண்டைக்குப் போய்விட்டாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே அவளையும் கூட நடக்கச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஊசியா? எத்தனை நாள்?

பழைய உறைவு உள்ளவர்களுக்கு அநேகமாக உண்டு. இரண்டு வாரம் முதல் நாலு வாரம் வரை எழுதுவார்கள். எனக்கு 28 நாள். மருந்தின் பெயர் எனாக்ஸபாரின். சாதாரணமாக 40 மில்லிகிராம் நாளைக்கு ஒன்று. எடை மிக அதிகமானவர்களுக்கு நாளைக்கு இரண்டு என்று எழுதுவதும் உண்டு, அதைப் பார்த்துவிட்டு "டாக்டர் தப்பா எழுதிட்டார்" என்று ஒன்றைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் ஊசியை எங்கள் வீட்டுக்காரர் போடுவதாகச் சொல்லி, கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டார். நானே போட்டேன். பட்டாலையில் (தூண் வைத்த உள்கூடத்தில்) தூணில் சாய்ந்து உட்கார்ந்து, தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, துளைபோட்ட தழும்புகளை விட்டு, தோலைக் கிள்ளித் தூக்கி, நேராகக் குத்தி, மெதுவாக அழுத்த வேண்டும். ஊசியை எடுத்த பிறகுதான் கிள்ளியதை விட வேண்டும். சிரிஞ்சுக்குள் ஒரு காற்றுக்குமிழி தெரியும். அதை வெளியேற்ற வேண்டாம், வெளியேற்றினால் மருந்தும் ஒரு சொட்டு போய்விடும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. நமக்குத் தேய்க்கத்தான் கை போகும். தேய்த்தால் நான் முதலில் சொன்ன அந்த நீல ரத்தக்கட்டு வந்துவிடும். இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். காலண்டர் தாளில் வ, இ என்று மாற்றி மாற்றி எழுதிவைத்தேன்.

அந்தக் காலண்டரில் பதினோராம் நாள் ஒன்றுமே இல்லை. அன்று மலேசியாவிலிருந்து சித்தப்பா வீட்டில் வந்திருந்தார்கள், பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு ஞாபகம் வந்து எழுந்து உட்கார்ந்தேன். மருத்துவரைக் கேட்டுவிட்டுக் காலையில் போட்டேன். ஒன்று விட்டுப்போனால் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. அதற்குப் பிறகு இரவு எட்டு மணிக்கு மகன் போனில் அலாரம் வைத்தான்.

சிரிஞ்சை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் காரிலும் விட்டுவிடாதீர்கள். 28 என்று எழுதியிருந்தால் 28-ஐயும் முதல் நாளே எண்ணி வாங்குங்கள். பத்து வாங்கிக்கொண்டு, "மிச்சம் அப்புறம்" என்று போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. நன்றாக நடக்கிறோம், சாப்பிடுகிறோம், இனி ஊசி எதற்கு என்று தோன்றிவிடும். அந்த இரண்டாவது, மூன்றாவது வாரம்தான் எனக்குப் பயம்.

அந்த ஊசி பன்றிக் குடலிலிருந்து எடுப்பதா?

ஆமாம். எனாக்ஸபாரின் பன்றிக் குடலின் உள்சவ்விலிருந்து எடுக்கும் ஹெப்பாரினிலிருந்து வருகிறது. சைவம் சாப்பிடும் ஆச்சிமார்களும் கேட்கிறார்கள், முஸ்லிம் வீடுகளிலிருந்தும் கேட்கிறார்கள். மறைக்க வேண்டிய விஷயமில்லை. ஃபோண்டாபாரினக்ஸ் என்று செயற்கையாகவே தயாரிக்கும் மருந்து ஒன்றும் உண்டு. மனம் ஒப்பவில்லை என்றால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து, ஊசியை வாங்கி வைத்துவிட்டுப் போடாமல் இருக்காதீர்கள்.

தண்ணீர் குடிக்கவே முடியவில்லை. கொஞ்சம் குறைந்தால் என்ன?

நிறைய ஆகும். உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும். முதல் வாரங்களில் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஆனால் இரைப்பை வாழைப்பழம் அளவுக்குத்தான் இருக்கிறது. மடக்கென்று குடித்தால் நெஞ்சை அடைக்கும், வாந்தி வரும்.

நான் செய்தது இது. மகனுக்குப் பால் புகட்டிய வெள்ளிச் சங்கு பெட்டகத்தில் இருந்தது. சிரிஞ்சால் அளந்து பார்த்தேன், 20 மில்லி பிடித்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் பத்து நிமிஷத்துக்கு ஒரு சங்கு. ஒரு மணி நேரத்துக்கு ஆறு சங்கு, 120 மில்லி. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் இரவு ஏழு மணிக்குக் கணக்கு முடியும். வெறும் தண்ணீர் சலித்தபோது உப்புப் போட்ட நீர்மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், இளநீர். "நாப்பது வயசுல சங்குல குடிக்கிறா" என்று வளவு (முற்றத்தைச் சுற்றிய வீடு) முழுக்கச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். தண்ணீர் போதுமா என்பதைச் சிறுநீரின் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், அடர்மஞ்சள் என்றால் போதவில்லை.

வாந்தியே நிற்கவில்லை, ஒரு நாள் முழுக்க எதுவும் தங்கவில்லை என்றால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். டிரிப் ஏற்ற வேண்டும், கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினும் தேவைப்படும்.

எவ்வளவு நடக்க வேண்டும்?

ஒரேயடியாக நடக்க வேண்டாம், அடிக்கடி நடங்கள். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம். இதற்கு நம் ஊர் வீடுகளைப் போல வசதி எங்கும் கிடையாது. வளவைச் சுற்றி ஒரு நடை, இரண்டாங்கட்டு வரை ஒரு நடை, திரும்பி முகப்பு. எனக்கு ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது, வாசலுக்கே போகாமல் சுற்றுத் தாழ்வாரத்திலேயே நடந்தேன். ஆனால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரமானால் கண்ணாடி மாதிரி வழுக்கும். பிளட் தின்னரில் இருக்கும்போது விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாரல் அடித்த பக்கம் சாக்கு போட்டுவைத்தோம்.

உட்கார்ந்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். சாய்வு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு மணிக்கணக்கில் சீரியல் பார்ப்பதைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கள்.

மதுரையிலிருந்து காரில் திரும்பும்போது மேலூரில் ஒருமுறை, திருப்பத்தூரில் ஒருமுறை இறங்கி நடந்தேன்.

வயிறு வலிக்கிறது. அறுத்த வலிதானே?

குறைந்துகொண்டே வரும் வலி அறுத்த வலி. குறைந்து, பத்துப் பதினைந்து நாள் கழித்துப் புதிதாகக் கிளம்பி, குமட்டலோடு நாளுக்கு நாள் கூடும் வலி வேறு. குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் சிரையில் ரத்தம் உறைந்தால் இப்படித்தான் இருக்கும். அபூர்வம்தான், ஆனால் ஸ்லீவ் செய்துகொண்டவர்கள், பழைய உறைவு உள்ளவர்கள், தண்ணீர் சரியாகக் குடிக்காதவர்கள் இதை மறக்கக் கூடாது. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் குடலே கெட்டுவிடும். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும், பிளட் தின்னர் கொடுத்துச் சரிசெய்கிறார்கள்.

எதற்கு உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்?

திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், மயங்கி விழுந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-க்கு மேல் அடித்தால். கடைசியாகச் சொன்னது இரைப்பைத் தையல் கசிவின் அடையாளமாகவும் இருக்கலாம், எதுவானாலும் காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸில் ஏறியதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "எடைக் குறைப்பு அறுவை ஆகி இத்தனை நாள் ஆகிறது, முன்பே நுரையீரலில் ரத்தம் உறைந்திருக்கிறது." இதை ஒரு அட்டையில் எழுதி மணிபர்ஸில் வைத்திருந்தேன். இன்னும் இருக்கிறது.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள், மறுநாள் காலை வரை தள்ளாதீர்கள். ரத்தவாந்தி, கறுப்பாகத் தார் போல மலம் போவது ஆகியவை ரத்தக்கசிவின் அடையாளம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அதனால் பயந்து கடைக்கு ஓடி வந்தவர்கள் உண்டு. தார் போல ஒட்டினாலோ, நாற்றம் மாறினாலோ, தலை சுற்றினாலோ அது மாத்திரையால் வந்த கறுப்பு இல்லை.

பழைய பிளட் தின்னர் மாத்திரை அறுவைக்குப் பிறகும் அதே மாதிரி வேலை செய்யுமா?

செய்யும் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. உதாரணத்துக்கு ரிவராக்ஸபான். அதில் பெரும்பகுதி இரைப்பையிலேயே உறிஞ்சப்படுகிறது. 15, 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். இரைப்பையே முக்கால் போன பிறகு, நாலு ஸ்பூன் கஞ்சியோடு அதைப் போட்டால் எவ்வளவு ஏறும்? டாபிகாட்ரான் காப்ஸ்யூலுக்கு இரைப்பை அமிலம் வேண்டும், அதைப் பிரித்துக் கொட்டிச் சாப்பிடவும் கூடாது. அதனால்தான் முதல் ஒரு மாதம் ஊசியிலேயே வைத்திருந்து, பிறகு மாத்திரைக்கு மாற்றி, ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க வசதி இருந்தால் பார்க்கச் சொல்கிறார்கள்.

வார்ஃபரின், அசிட்ரோமில் ஒரு நன்மை, ஐ.என்.ஆர். பார்த்து அளவை ஏற்றி இறக்கலாம். அறுவை ஆன முதல் வாரங்களில் சாப்பாடு குறைவதால் வைட்டமின் கே-யும் குறையும். பழைய அளவு மாத்திரையே அதிகமாகிவிடும். அப்புறம் சாப்பாடு கூடக் கூடத் தேவையும் ஏறும். முதல் மாதம் வாரம் ஒருமுறையாவது ஐ.என்.ஆர். பாருங்கள். முருங்கைக்கீரையை விட்டுவிட வேண்டுமா என்று கேட்பார்கள். விட வேண்டாம். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று ஆட்டம் காட்டாமல், ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டி வலிக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாமா? லேகியம்?

பாரசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வேண்டாம், புண்ணும் கசிவும் வரும். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத லேகியம், சூரணம் எதுவும் பிளட் தின்னரோடு வேண்டாம்.

மாதவிலக்குத் தள்ளிப்போக மாத்திரை கேட்கிறார்கள், குழந்தை வேண்டாமென்று மாத்திரை சாப்பிடுகிறார்கள். பரவாயில்லையா?

இது என் கடையில் அதிகம் நடக்கிறது, கோயில், கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரைகள் ரத்தத்தை உறைய வைக்கும். ஒருமுறை உறைந்தவர்களுக்கு அவை ஆகவே ஆகாது, அறுவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். மாதவிலக்கைத் தள்ளிப்போட வேறு வகை மாத்திரை கொடுத்தாலும், பழைய கதையைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். எடை இறங்கும்போது, ஒழுங்கில்லாமல் இருந்த மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கருத்தரிப்பதும் உண்டு. 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தள்ளிவைப்பது நல்லது என்பதால், காப்பர் டி போன்ற வழியைப் பெண் மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

எடை குறைக்க இப்போது ஊசி வந்திருக்கிறதே, அறுவை எதற்கு?

நான் செய்துகொண்டபோது இங்கே இவ்வளவு இல்லை. மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. கத்தி வைக்கவே ஆபத்து அதிகம் என்பவர்களுக்கு இது ஒரு நல்ல வழி. ஆனால் நிறுத்தினால் எடை திரும்ப ஏறுகிறது, மாதா மாதம் செலவும் கனக்கும். அறுவைக்கு முன்பு எடையைக் கொஞ்சம் இறக்கவும் கொடுக்கிறார்கள். இந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சாப்பிட்டது வயிற்றை விட்டு இறங்க நேரமாகும்.

இன்சூரன்ஸ் கொடுப்பார்களா?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிப்படி, வயது 18 ஆகியிருந்து பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 40 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதயநோய் போன்றவை இருந்தால் கொடுக்கலாம். மருத்துவர்களின் இப்போதைய அளவுகோல் இதைவிடக் கீழே இருக்கிறது. 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5 முதலே யோசிக்கலாம் என்கிறது. ஆக, மருத்துவர் சரி என்பார், இன்சூரன்ஸ் இல்லை என்னும். பழைய ரத்த உறைவை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். முன்பிருந்த நோய்க்கான காத்திருப்பு 2024 விதிப்படி அதிகபட்சம் மூன்று வருடம்தான்.

சிங்கப்பூரில் மகள் பிரசவத்துக்குப் போக வேண்டும். எப்போது பறக்கலாம்?

திருச்சியிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல். நாலு மணி நேரம் தாண்டும் எந்தப் பயணமும் கணக்கில் வரும். ஊசி முடியும் வரை, குறைந்தது அந்த நாலு வாரம், போக வேண்டாம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். பிறகு போகும்போது நடைபாதை ஓர இருக்கை, மணிக்கு ஒருமுறை எழுந்து நடை, கையில் தண்ணீர் பாட்டில். சென்னைக்கு என்றால் காரைவிட பல்லவன் ரயில் மேல், பெட்டிக்குப் பெட்டி நடக்கலாம்.

நோன்பு, விசேஷம் வந்தால் என்ன செய்வது?

அறுவை ஆன நாலாவது வாரம் பிள்ளையார் நோன்பு வந்துவிட்டது. இருபத்தோரு இழைத் திரியை வெல்லமாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டு விழுங்க வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடம் விட்டதில்லை. மருத்துவருக்குப் போன் செய்து கேட்டேன். அவர் இந்தப் பக்கத்துக்காரர் இல்லை, நான் சொன்னதையே இரண்டு முறை திரும்பச் சொல்ல வைத்தார். "நூலையா? நெருப்போடயா?" அப்புறம் சொன்னார், மாவு வேண்டுமானால் ஒரு பயறளவு நாக்கில் வைத்துக் கரைய விடுங்கள், நூல் அந்த வயிற்றுக்குள் போகவே கூடாது என்று. வெல்லமும் நெய்யும் அதிகமானால் பைபாஸ் செய்தவர்களுக்குப் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரும், ஸ்லீவிலும் சிலருக்கு வரும்.

இழையைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றி மகனிடம் கொடுத்தேன். அவன் இரண்டாக எடுத்துக்கொண்டான். மணி எட்டாகி அலாரம் அடித்தது, எழுந்து பட்டாலைக்குப் போய் இடப்பக்கம் ஊசி போட்டுக்கொண்டேன். அது இருபத்து நாலாவது.